விதியா? விரல் வித்தையா?

சூதாட்டத்தில் தோற்று வந்தவனைப் பார்த்து, "ஏனப்பா தோற்றாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "என் நேரம் சரியில்லை" என்பான். "ஏழரைச் சனி" என்பான். "புறப்படும்போதே பூனை குறுக்கே போயிற்று" என்பான். கொஞ்சம் வேதாந்தம் கற்றவனாயிருந்தால் "எல்லாம் தலையெழுத்து" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுவான். "எதிரில் உட்கார்ந்து சீட்டுப் போட்டவனுடைய விரல்களை நான் சரியாகக் கவனிக்கவில்லை" என்று ஒருவனாவது சொல்லி நாம் கேட்டதில்லை.

இப்படித் தோற்றவன் தன் பழியைச் சனீஸ்வரன் தலையில் போட்டுவிட்டுப் போகிறவரையில், ஜெயித்தவனுக்கு என்ன பயம் என்று கேட்கின்றோம். சனீஸ்வரனை எந்தப் போலீசாரும் பிடிக்க முடியாது. தலையெழுத்தை எந்தக் கோர்ட்டிலும் கூண்டில் ஏற்ற முடியாது. ஆகவே களவு கொடுத்தவனே கள்வனுக்காகச் சாட்சி சொல்லி, அவனை விடுதலை செய்து, மறுநாளும் அவனிடமே போய் உட்காருகிறான். சூதாட்டத்தைப் பற்றி நாம் சொல்ல வந்த சங்கதி இதுதான். சூதாடியின் முதல் அவன் கையிலுள்ள சீட்டு அல்ல. "அதிருஷ்டம்" என்று ஒன்று இருப்பதாக நம்பிக் கொண்டிருக்கும் நம்முடைய புத்திதான் அவனுக்கு முதல்.

வளையமாதேவி, சேத்தியாத்தோப்பு, நெய்வேலிப் பக்கத்துத் தோழர்கள் இதைச் சற்று ஊன்றிப் படிக்க வேண்டுமென்று விரும்புகிறோம். காரணம் இருக்கிறது. 2023-ம் வருஷம் ஜூலை மாதத்தில் மேல் வளையமாதேவி வயல்களில் நெய்வேலி நிலக்கரிக் கம்பெனியார் பரவனாற்றைத் திருப்புவதற்காக வாய்க்கால் வெட்ட இயந்திரங்களை இறக்கியபோது, அங்கே நெற்பயிர் நின்று கொண்டிருந்தது. விவகாரம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போய், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி உத்தரவாயிற்று. அதன் நியாய அநியாயத்தை விவரிக்க இது இடமல்ல. நாம் கவனிப்பது வேறு. நிலம் என்பது ஒரு இராத்திரியில் எளிதாய்ச் சூதில் தோற்கக்கூடிய பொருளல்ல. அதை விற்கப் பத்திரம் வேண்டும், சாட்சி வேண்டும், பங்காளி கையெழுத்து வேண்டும், ரிஜிஸ்தர் ஆபீசுக்கு நடக்க வேண்டும். அதற்குள் பெண்டாட்டி அழுது, மாமன் வந்து, ஊர் நாலு வார்த்தை பேசி, ஆளின் வெறியும் இறங்கிவிடும். நிலம் பணமாக மாறிவிட்டாலோ இந்த வேலிகள் ஒன்றும் கிடையாது. பேங்கியில் கிடக்கும் பணத்துக்கு ஒரு விரல் தட்டினால் போதும். பணம் புதிதாய்ப் புழங்கும் இடத்தைத் தேடித்தான் சீட்டுக்காரனும் சாமியாரும் வருவார்கள். இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தாலும் நாம் ஆச்சரியப்பட மாட்டோம்.

நிற்க. முதலில் மூன்று சீட்டையே எடுத்துக்கொள்வோம். நாட்டில் மோசக்காரனுக்கே "மூணு சீட்டுக்காரன்" என்று பெயர் வைத்துவிட்ட பிறகும், திருவிழாக் கூட்டத்தில் அதில் போய் விழுகிறவர்கள் குறையவில்லை. வடலூர்த் தைப்பூசமோ, வேலுடையான்பட்டுப் பங்குனி உத்திரமோ, எந்தக் கூட்டமானாலும் வித்தை ஒன்றுதான். ஒரு ராணி, இரண்டு வேறு சீட்டுகள். மூன்றையும் நீளவாட்டில் லேசாக வளைத்து வைத்திருப்பான். வலது கையில் இரண்டு சீட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. கீழே இருப்பது ராணி. அதைக் கூட்டத்துக்குத் திருப்பிக் காட்டுவான். இடது கையில் ஒன்று. பிறகு ஒவ்வொன்றாகத் துணியின் மேல் வீசுவான். பார்க்கிற நாம், கீழே இருந்த சீட்டுத்தானே முதலில் விழும் என்று எண்ணிக் கொள்கிறோம். அவன் விடுவது மேல் சீட்டை. ஒரு விரல் விட்டது, ஒரு விரல் பிடித்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குமேல் அவன் எத்தனை முறை சீட்டை மாற்றி மாற்றி வைத்தாலும், நாம் கண் கொட்டாமல் பின்தொடர்ந்து கொண்டிருப்பது ராணியை அல்ல, வேறொரு சீட்டை. நம்முடைய கண் எவ்வளவு கூர்மையோ அவ்வளவு நிச்சயமாக நாம் தோற்போம். கண் மந்தமானவன் குருட்டாம்போக்கில் ஒன்றைத் தொட்டால் ஒருவேளை தப்பலாம். அதிலும், சரியான சீட்டின்மேல் யாராவது பணம் வைத்துவிட்டால், பக்கத்தில் நிற்கும் கையாள் தவறான சீட்டின்மேல் அதைவிடப் பெரிய தொகையை வைப்பான். "பெரிய பந்தயம்தான் செல்லும்" என்று சீட்டுக்காரன் சட்டம் பேசுவான். அதுவும் ஆகாவிட்டால் "போலீஸ்!" என்று ஒரு குரல் எழும், துணியும் சீட்டும் ஆளும் மறைந்து போவார்கள்.

ஆனால் இந்த ஆட்டத்தின் உயிர்நிலை வேறொரு இடத்தில் இருக்கிறது. சீட்டுக்காரன் யாரோடோ பேசுவதுபோல் முகத்தைத் திருப்புவான். அந்தச் சமயத்தில் கையாள் ராணியின் மூலையை மெல்ல மடித்துவிட்டு, நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டுவான். சீட்டுக்காரன் ஒன்றும் தெரியாதவனைப் போலத் திரும்பி, சீட்டைக் கலைத்துப் போடுவான். மூலை மடிந்த சீட்டு நம் கண்ணெதிரே கிடக்கும். இனி எப்படித் தோற்பது? மடியிலிருப்பது அத்தனையையும் வைத்துவிடுகிறோம். திருப்பினால் அது ராணி அல்ல. கலைக்கும்போதே அவன் அந்த மூலையை நிமிர்த்தி, வேறொன்றை மடித்துவிட்டான்.

இதில் ஏமாந்தவன் யார் என்று கவனியுங்கள். சீட்டுக்காரனை ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தவன்தான் ஏமாந்தான். அதனால்தான் அவன் வாயைத் திறப்பதில்லை. போலீசாரிடம் போய் என்னவென்று சொல்லுவான்? "அவனுக்குத் தெரியாமல் மூலையை மடித்து அவன் பணத்தைப் பறிக்கப் பார்த்தேன், முடியவில்லை" என்றா? வீட்டில் போய் என்னவென்று சொல்லுவான்? எனவே சனீஸ்வரன் உதவிக்கு வருகிறார். நம் நாட்டில் சனீஸ்வரனுக்கு இருக்கும் வேலைகளில் பாதி, இப்படி வெட்கத்தை மூடி மறைக்கும் வேலைதான் என்பது நம் அபிப்பிராயம்.

இந்தப் பித்தலாட்டங்களை நாட்டுக்கு எடுத்துச் சொன்னவர்கள் யார் என்று பார்த்தால், பாதிரிகளோ பண்டிதர்களோ அல்ல. பெரும்பாலும் செப்பிடு வித்தைக்காரர்கள்தான். அமெரிக்காவில் ஜான் ஸ்கார்ன் என்று ஒருவர் இருந்தார். 1903-ல் பிறந்து 1985-ல் இறந்தவர். பையனாயிருந்தபோதே உள்ளூர்ச் சூதாடி ஒருவனிடமிருந்து சீட்டு மோசடியைக் கற்றுக்கொண்டு, தாயார் தடுத்ததன்பேரில் அந்தக் கை வன்மையை மேடை வித்தைக்குத் திருப்பிக் கொண்டவர். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அந்நாட்டுப் பட்டாளத்துச் சிப்பாய்கள் சம்பளம் வாங்கிய அன்றே பகடையிலும் சீட்டிலும் அதைத் தொலைத்து வந்தார்கள். கூடவிருந்த சிப்பாய்களிலேயே கள்ளப் பகடை வைத்திருந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் அப்படிப்பட்ட பகடைகளைத் தபால் மூலம் விற்கும் கம்பெனிகளே இருந்தன. ஸ்கார்ன் முகாம் முகாமாகப் போய், சிப்பாய்கள் முன்னால் நின்று, அடிச்சீட்டை எப்படி உருவுவது, கலைத்ததுபோல் காட்டிக் கலைக்காமலிருப்பது எப்படி, பகடையில் ஈயம் வைப்பது எப்படி என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். சிப்பாய்களின் பத்திரிகையிலும் எழுதினார். "சூதாடாதே, நரகத்துக்குப் போவாய்" என்று அவர் பிரசங்கம் செய்யவில்லை. உன் பணம் உன் பையிலிருந்து அவன் பைக்குப் போகும் வழி இது, பார்த்துக்கொள் என்றார்.

அவருக்கு முன்னாலும் இருந்தார்கள். பிரான்சு தேசத்து ராபர்ட் ஊடான் 1861-ல் சீட்டு மோசக்காரர்களின் தந்திரங்களை ஒரு புத்தகமாகவே வெளியிட்டார். அதற்கு ஐந்து வருஷங்களுக்கு முன்பு, 1856-ல், அல்ஜீரியாவில் அற்புதங்கள் காட்டி ஜனங்களை ஆட்டி வைத்த மதத் தலைவர்களுக்கு எதிராக அவரைப் பிரெஞ்சு சர்க்கார் அனுப்பி வைத்தது. (அந்நிய ஆட்சியைக் காப்பாற்றத்தான் அனுப்பினார்கள் என்பதையும் மறக்க வேண்டியதில்லை.) இங்கிலாந்தில் மாஸ்கலின் என்ற கடிகாரத் தொழிலாளி, ஆவிகளைக் கூப்பிடுவதாகச் சொல்லிக் காசு பறித்த இரு சகோதரர்களின் வித்தையை 1865-ல் தானே செய்து காட்டிப் பெயர் பெற்றார், பின்னால் 1894-ல் சூதாட்ட மோசடிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சாமியாரைப் பிடித்தவர்களும் சூதாடியைப் பிடித்தவர்களும் ஒரே ஆட்களாயிருந்தது தற்செயலல்ல. இரண்டும் ஒரே தொழில். இரண்டுக்கும் வேண்டியது ஒரே கட்டைவிரல்.

வெகுதூரம் போவானேன்? நம்முடைய கோயமுத்தூரை அடுத்த போத்தனூரில் வாழ்ந்து 2009-ம் வருஷம் அக்டோபர் மாதம் 4-ந் தேதி காலமான பி. பிரேமானந்த் அவர்களை நம்மில் பலர் அறிவார்கள். ஊர் ஊராய், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாய்ச் சென்று, வெறுங்கையில் விபூதி வரவழைத்து, நாக்கில் கற்பூரத்தை எரியவிட்டு, பிறகு "இதில் தெய்வம் எங்கே இருக்கிறது? இதோ பாருங்கள்" என்று பிரித்துக் காட்டியவர். விபூதி வரும் வகை என்ன? சாம்பலைக் கஞ்சித் தண்ணீர் விட்டுப் பிசைந்து சிறு உருண்டையாக உலர்த்தி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடுக்கில் மறைத்து வைத்துக் கொள்வது; கையைக் காற்றில் சுழற்றி நசுக்குவது; உதிர்வதை பக்தன் தலையில் தூவுவது. சூதாடி ஒரு சீட்டை உள்ளங்கையில் மறைத்துக் கொண்டு கையைத் திறந்ததுபோல் காட்டுகிறானே, அதுவும் இதே பழக்கம்தான். ஒருவனுக்கு அதே விரலால் அரசாங்க மரியாதையும் கார் பங்களாவும் கிடைக்கிறது; மற்றவனுக்குச் சில்லறையும் லத்தியடியும் கிடைக்கிறது. பிரேமானந்த் 1986-ல் புட்டபர்த்தி சாயிபாபா மீது, வெறுங்கையில் தங்கம் உண்டாக்குவதாயின் அது தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டப்படிக் குற்றமல்லவா என்று வழக்கே போட்டார். வழக்கு தள்ளுபடியாயிற்று. ஆனாலும் அந்தக் கேள்வியின் அழகை ரசிக்காமல் இருக்க முடியாது. தங்கம் நிஜமானால் சட்டம் எங்கே? சட்டம் வேண்டாமென்றால் தங்கம் எங்கே?

இலங்கையில் ஆபிரகாம் கோவூர் அவர்களும் இதே வேலையைச் செய்தார். அற்புதம் செய்து காட்டுகிறவனுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-ல் சவால் விட்டார். 1978-ல் அவர் காலமாகும்வரை அந்தப் பணத்தை ஒருவரும் வாங்கிப் போகவில்லை.

இனிப் பகடைக்கு வருவோம். நம் தென்னார்க்காட்டு ஜில்லாவில் திரௌபதை அம்மன் திருவிழா என்றால் பாரதக் கூத்தில்லாமல் கிடையாது. அதிலும் "பகடை துகில்" அன்றைக்குத்தான் கூட்டம் நெரியும். தருமராஜா நாட்டை வைத்துத் தோற்கிறார், தம்பிகளை வைத்துத் தோற்கிறார், தன்னை வைத்துத் தோற்கிறார், கடைசியில் பெண்டாட்டியை வைத்துத் தோற்கிறார். இவருக்குப் பெயர் தருமர்! சகுனியின் கையில் இருந்தது கள்ளப் பகடை என்று கூத்துப் பார்க்கும் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்தச் சபையில் பகடையைக் கையில் வாங்கிச் சோதித்துப் பார்த்த மகா புருஷர் யார்? பீஷ்மரா? துரோணரா? எல்லாரும் விதி என்று தலையைத் தொங்கப் போட்டார்கள். அத்தனை பேர் நிறைந்த சபையில் சட்டப்படி ஒரு கேள்வி கேட்டது ஒரு பெண். "என் புருஷன் முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? தன்னையே இழந்து அடிமையானவருக்கு என்னைப் பந்தயம் வைக்க என்ன பாத்தியம்?" என்பது அவள் கேள்வியின் சாரம். பீஷ்மர் தருமத்தின் சூட்சுமம் விளங்கவில்லை என்று நழுவினார். பெண்ணைப் பந்தயப் பொருளாக வைக்கவே எவனுக்கும் பாத்தியமில்லை என்று அவளும் கேட்கவில்லை; கதையை எழுதினவர் அதுவரை அவளைப் போகவிடவில்லை. இந்தக் கூத்தை விடிய விடியப் பார்த்து அழுதுவிட்டு, அதே பந்தலுக்குப் பின்னால் கட்டை உருட்டுமிடத்தில் போய், வீட்டில் கேட்காமல் எடுத்து வந்த பெண்டாட்டியின் தோட்டை வைக்கிற "தருமர்"கள் நம்மில் இல்லையா?

பகடையைச் சோதிப்பது ஒன்றும் பிரம்ம வித்தையல்ல. ஒழுங்கான ஆறுபக்கப் பகடையில் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் 7 வர வேண்டும். கள்ளப் பகடையில் ஒரே எண்ணை எதிரெதிராக இரண்டு முறை போட்டு, வேண்டாத எண்ணை இல்லாமலே செய்திருப்பார்கள். எந்தக் கண்ணும் ஒரே சமயத்தில் மூன்று பக்கங்களுக்கு மேல் பார்க்க முடியாதாகையால், அது துணியின்மேல் கிடக்கும்போது ஒருவருக்கும் தெரியாது. கையிலெடுத்துத் திருப்பினால் உடனே தெரியும். ஈயம் வைத்த பகடையானால், உயரமான டம்ளரில் தண்ணீர் நிரப்பி மெல்ல உள்ளே விட்டுப் பாருங்கள். திரும்பத் திரும்ப ஒரே பக்கம் மேலே வந்தால் சங்கதி விளங்கும். எதிர் மூலைகள் இரண்டையும் இரு விரல்களுக்கிடையே லேசாகப் பிடித்தால், கனமான பக்கம் தானே கீழ்நோக்கிச் சுழலும். தண்ணீர் டம்ளருக்குத் தெரிகிற உண்மை ஜாதகத்துக்குத் தெரிவதில்லை.

ஆனால், தோழர்களே, "அப்படியானால் கள்ளமில்லாத பகடையாகப் பார்த்து ஆடலாமே" என்று யாரும் புறப்பட்டுவிட வேண்டாம். இங்கேதான் சூட்சுமம் அதிகம். ஆறு படம் போட்ட துணியை விரித்து, அதே ஆறு படங்களுள்ள மூன்று கட்டைகளை உருட்டும் ஆட்டத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். இங்கிலாந்துக் கப்பல் மாலுமிகளும் இதே ஆட்டத்தை ஆடியிருக்கிறார்கள். ஒரு படத்தின்மேல் ஒரு ரூபாய் வைத்தால், அந்தப் படம் ஒரு கட்டையில் வந்தால் ஒரு ரூபாய் லாபம், இரண்டில் வந்தால் இரண்டு, மூன்றில் வந்தால் மூன்று. ஆடுகிறவன் என்ன கணக்குப் போடுகிறான்? "படம் ஆறு, கட்டை மூன்று, ஆகவே பாதிக்குப் பாதி எனக்கு வரும். இரட்டையும் மூன்றும் வந்தால் அது வேறு லாபம்" என்கிறான். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கைச் சரியாகப் போடுவோம்.

மூன்று கட்டைகள் விழக்கூடிய வகைகள் மொத்தம் 216. ஆறு படத்தின்மேலும் ஒவ்வொரு ரூபாய் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். மூன்று கட்டையிலும் வெவ்வேறு படம் வந்தால் (இது 120 வகை) கட்டைக்காரன் மூன்று பேருக்கு இரண்டிரண்டு ரூபாயாக 6 ரூபாயையும் கொடுத்துவிடுவான். அவனுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இரட்டை விழுந்தால் (90 வகை) ஒருவனுக்கு 3, மற்றவனுக்கு 2, ஆக 5 கொடுத்து 1 ரூபாயைத் தன் மடியில் போட்டுக் கொள்வான். மூன்றும் ஒன்றாக விழுந்தால் (6 வகை) 4 கொடுத்து 2 எடுத்துக் கொள்வான். ஆகவே 216 வகைக்கும் துணியில் விழும் 1,296 ரூபாயில் அவனுக்கு நிற்பது 102. அதாவது வைத்த ஒவ்வொரு ரூபாயிலும் ஏறக்குறைய 8 காசு. இரட்டை விழும்போது ஜனங்கள் கைதட்டி ஆரவாரம் செய்கிறார்களே, அப்போதுதான் அவன் சம்பாதிக்கிறான்! கள்ளமில்லை, கபடமில்லை, கட்டை சுத்தமானது. ஆனாலும் விடியும்போது பணம் இருக்குமிடம் அவன் பைதான். ஒரு படத்தின்மேல் வைக்கிறவனுக்கு 216-ல் ஜெயம் 91, தோல்வி 125. இதற்கு எந்தக் கிரகம் காரணம்? கூட்டலும் பெருக்கலும்தான் காரணம்.

இதே கணக்கைச் சர்க்காரே நடத்தினால் அதற்குப் பெயர் லாட்டரி. 1968-ல் தமிழ்நாட்டுச் சர்க்காரே பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கிற்று என்பதை நம்மவர்கள் ஆட்சி என்பதற்காக மறைக்க வேண்டியதில்லை. எல்லா லாட்டரிச் சீட்டுகளுக்கும் தடை வந்தது 2003-ல்தான். இடையில் எத்தனை கூலிக்காரர்கள் கனவில் வந்த எண்ணையும் குழந்தை பிறந்த தேதியையும் பார்த்துச் சீட்டு வாங்கி அழிந்தார்கள் என்பதை அந்தக் காலத்துக் கடைத்தெருவில் நின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சட்டத்தின் நேர்மையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1930-ம் வருஷத்துச் சூதாட்டச் சட்டப்படி, புளியமரத்தடியில் பத்து ரூபாய் வைத்து ஆடுகிறவனைப் போலீசார் பிடிக்கலாம். குதிரைப் பந்தயத்தையும் ஒழிக்க 1974-ல் தமிழ்நாட்டில் சட்டம் செய்தார்கள். 1996-ல் உச்சநீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமையைப் பொறுத்தது, சூதல்ல என்று தீர்ப்பளித்தது. திறமை குதிரைக்கா, மேலே இருப்பவனுக்கா, பணம் கட்டுகிறவனுக்கா என்பது நமக்கு விளங்கவில்லை. ரம்மியும் திறமை ஆட்டம் என்று 1967-லேயே சொல்லப்பட்டாயிற்று. இந்தத் "திறமை" என்ற வார்த்தையைப் பிடித்துக் கொண்டுதான் செல்போன் ரம்மிக் கம்பெனிகள் நாட்டில் நுழைந்தன.

மூன்று சீட்டுக்காரனிடம் பார்ப்பதற்கு ஒரு கையாவது இருந்தது. செல்போனில் கையே கிடையாது. சீட்டுக் கலைப்பவன் யார், எதிரில் ஆடுகிறவன் மனிதனா இயந்திரமா என்று எப்படிக் கண்டுகொள்வது? "இயந்திரம் கலைப்பதால் மோசடிக்கு இடமில்லை" என்பார்கள். அமெரிக்காவில் பெர்சி டயகோனிஸ் என்று ஒரு கணித ஆசிரியர். பதினான்கு வயதில் வீட்டை விட்டு ஒரு செப்பிடு வித்தைக்காரரோடு ஊர் சுற்றிய மனிதர், பிறகு ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் பேராசிரியரானவர். சூதாட்ட விடுதிகளுக்கென்று செய்த ஒரு கலைப்பு இயந்திரத்தை அவரிடமும் அவரது மனைவியாரான பேராசிரியர் சூசன் ஓம்ஸ் அவர்களிடமும் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார்கள். ஒழுங்காகக் கலைந்த 52 சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பும்போது அடுத்தது எது என்று ஊகித்தால், சராசரி நாலரைச் சீட்டுத்தான் சரியாக வரும். அந்த இயந்திரம் கலைத்த கட்டில் அவர்கள் சராசரி ஒன்பதரைச் சீட்டைச் சொல்ல முடியும் என்று காட்டினார்கள். நிபுணர்கள் செய்த இயந்திரத்தின் லட்சணமே இது. மேலும் நியாயமாகவே கலைத்தாலும்தான் என்ன? திறமைசாலிகள் இருவர் ஆடினால் பணம் அவர்களுக்குள் போய் வரும். ஒவ்வொரு ஆட்டத்திலும் கம்பெனிக்காரன் எடுக்கும் கமிஷன் மட்டும் போனது போனதுதான். கட்டைக்காரனுடைய 8 காசு வேறு பெயரில் இங்கேயும் இருக்கிறது.

கடன்பட்டுத் தற்கொலை செய்து கொண்டவர்களின் செய்திகள் தொடர்ந்து வந்த பிறகு, நீதிபதி சந்துரு அவர்கள் தலைமையில் கமிட்டி போட்டு, தமிழ்நாட்டுச் சட்டசபை 2022 அக்டோபரில் தடைச் சட்டம் செய்தது. கவர்னர் அதைப் பல மாதம் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டசபை மீண்டும் நிறைவேற்றி, ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அதே வருஷம் நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், ரம்மியையும் போக்கரையும் மட்டும் திறமை ஆட்டம் என்று விலக்கிவிட்டது. திறமையோ அதிருஷ்டமோ, பணம் கட்டி ஆடும் செல்போன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடுத்துப் பாராளுமன்றம் சட்டம் செய்தது 2025 ஆகஸ்டில். நல்லது. ஆனால் சட்டம் செய்துவிட்டால் சூது ஒழிந்து போகும் என்று நாம் நம்பவில்லை. திருவள்ளுவர் கள்ளுக்கும் மருந்துக்கும் நடுவில் 94-ம் அதிகாரம் முழுவதையும் சூதுக்கு ஒதுக்கி எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அதைப் பாடமாய் ஒப்பித்துப் பரிசு வாங்கினவர்களும் சீட்டுக் கட்டோடு உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். நீதி வாக்கியம் புத்திக்குள் போகிறது. விரலின் வேலையைக் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை கலைகிறது.

"வித்தையின் ரகசியத்தை வெளியே சொன்னால் ஏழை மோடி மஸ்தான் பிழைப்புப் போய்விடாதா?" என்று சிலர் இரக்கப்படுகிறார்கள். தெருவில் குண்டு விழுங்கிக் காட்டுகிறவன் "இது வயிற்றுப் பிழைப்பு, கைவேலை, பார்த்துச் சந்தோஷப்பட்டுக் காசு போடுங்கள்" என்று சொன்னால் அவனைப்போல் யோக்கியன் யாருமில்லை. நாமும் காசு போடுவோம். அவன் அதே கையோடு தாயத்து விற்க ஆரம்பித்தால்தான் வழக்கு. சினிமாவில் கத்திச் சண்டை பொய் என்று தெரிந்தும் நாம் டிக்கெட் வாங்கவில்லையா? மேற்சொன்ன ஸ்கார்னுடைய விரல்களே 1973-ல் வந்த ஓர் அமெரிக்கப் படத்தில் கதாநாயகனுக்குப் பதிலாகச் சீட்டுக் கலைத்தன. ரகசியங்களை அத்தனை வருஷம் வெளியிட்டும் அவருக்கு வேலையில்லாமற் போகவில்லை.

ஆகவே வளையமாதேவித் தோழர்களுக்கு நாம் சொல்லக்கூடிய யோசனை ஒன்று உண்டு. செலவு அதிகமில்லை. ஒரு சீட்டுக் கட்டும் ஒரு மேசைத் துணியும் போதும். மேலே எழுதிய மூன்று சீட்டு வித்தையை இரண்டு வாலிபர்கள் ஒரு மாதம் பழகினால் கைவந்துவிடும். வரும் தைப்பூசத்துக்குக் கூட்டம் வடலூருக்குப் போகும் வழியில், டீக்கடை ஓரமாகத் துணியை விரிக்கட்டும். பந்தயம் ஒரு காசும் கூடாது. அதைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி மாட்டிவிட வேண்டும். ராணியைக் காட்டி வீசிவிட்டு, "எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் அண்ணே" என்று கேட்கட்டும். பத்துப் பேர் ஒரே சீட்டைக் காட்டுவார்கள். திருப்பிக் காட்டிய பிறகு, "சனி பிடித்ததா, விரல் பிடித்ததா?" என்று கேட்டு, அதே வீச்சை மெதுவாக, மேல் சீட்டு முதலில் விழுவது தெரியும்படி, இரண்டாம் முறை செய்து காட்டட்டும். பிறகு சீட்டை அவர்கள் கையிலேயே கொடுத்து வீசச் சொல்லட்டும். பெண்கள் நிற்கும் பக்கத்துக்கும் ஒரு கட்டு போகட்டும்; தோடு போவது அவர்களுடையது.